எண்ணப்படாதவர்கள்



எண்ணுதல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று கணக்கிடுதல்; மற்றொன்று நினைத்தல். விரல்விட்டு எண்ணுவதும் எண்ணுதலே. உள்ளத்தில் ஒருவரை நிறுத்திப் பார்ப்பதும் எண்ணுதலே. கணக்கில் இடம்பெறாதவர் நினைவிலும் இடம்பெறுவதில்லை என்னும் உலகியல் உண்மை இவ்வொரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் காவலர் கையால் மாண்டோரைக் கணக்கெடுக்க நிகழ்ந்த முயற்சிகளின் வரலாறு, இவ்வுண்மைக்கு எழுதப்பட்ட நீண்டதோர் உரையாக அமைந்துள்ளது. கவிஞர் கூடிய அவையில் புள்ளிவிவரம் பேசுவது பொருந்துமா என்று சிலர் கருதக்கூடும். அவ்வரலாற்றை நெருங்கி நோக்கினால், அதில் இடறிய கல் கணிதம் அன்று, சொல்லே என்பது புலப்படும். சொல்லைத் தொழிலாகக் கொண்டோர்க்கு அது புறம்பான செய்தி ஆகாது.

2014ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள், மிசௌரி மாநிலத்தின் ஃபெர்குசன் நகரில், மைக்கேல் பிரவுன் என்னும் பதினெட்டு வயதுக் கறுப்பின இளைஞர் காவலர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். நகரம் கொந்தளித்தது. ஓராண்டில் இவ்வாறு எத்தனை பேர் மாள்கின்றனர் என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. விடை சொல்லக் கடமைப்பட்ட இடம், அந்நாட்டுக் கூட்டரசின் புலனாய்வு நிறுவனமான எஃப்.பி.ஐ. அதன் அன்றைய இயக்குநர் ஜேம்ஸ் கோமி, 2015 பிப்ரவரியில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் உரையாற்றியபோது நடந்ததை மறைக்காமல் கூறினார். காவலரால் சுடப்பட்ட கறுப்பினத்தோர் எத்தனை பேர் என்று தம் அலுவலர்களிடம் கேட்டதாகவும், அவர்களால் அதற்கு விடை தர இயலவில்லை என்றும் அவர் சொன்னார். 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாது மக்கள்தொகைக் கணக்கெடுக்கும் நாடு அது. கடமையின்போது கொல்லப்படும் காவலர் ஒவ்வொருவரைப் பற்றியும் அதே எஃப்.பி.ஐ. ஆண்டுதோறும் விரிவாகப் பதிவுசெய்து வெளியிடுகிறது. அது முறையான, வேண்டத்தக்க பணி. காவலரைச் சாய்த்த தோட்டாவை எண்ணத் தெரிந்த நிறுவனத்துக்குக் காவலரின் தோட்டாவை மட்டும் எண்ணத் தெரியாமற் போனது எவ்வாறு?

சட்டம் இல்லாமற் போகவில்லை. 1994ஆம் ஆண்டின் குற்றத்தடுப்புச் சட்டம், காவலர் அளவுமீறிப் பலம் பயன்படுத்தும் நிகழ்வுகள் பற்றிய தரவுகளைத் திரட்டி ஆண்டுதோறும் சுருக்கம் வெளியிடுமாறு தலைமை வழக்கறிஞருக்கு ஆணையிட்டது. 2000ஆம் ஆண்டில் காவலில் நிகழும் இறப்புகளை அறிவிப்பதற்கான சட்டம் வந்தது, காலாவதியாயிற்று, 2014 இறுதியில் மீண்டும் நிறைவேறியது. அந்நாட்டில் ஏறத்தாழ 18,000 காவல் அமைப்புகள் உள்ளன. மாநகரக் காவல்துறையும் உண்டு. இரண்டு மூன்று காவலரோடு இயங்கும் சிற்றூர் நிலையமும் உண்டு. எஃப்.பி.ஐ.க்கு விவரம் அனுப்புவது இவற்றின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. விரும்பியவர் அனுப்பினர், விரும்பாதவர் வாளாவிருந்தனர். கைது தொடர்பான இறப்புகளைத் தொகுத்துவந்த நீதித்துறையின் புள்ளிவிவர அலுவலகம், தன் தொகுப்பைத் தானே ஆராய்ந்து பார்த்தது. காவலரால் நேர்ந்த கொலைகளுள் சரிபாதியைக்கூட அது எட்டவில்லை என்று 2015இல் வெளிவந்த அவ்வாய்வு மதிப்பிட்டது.

இனிச் சொல்லுக்கு வருவோர், எஃப்.பி.ஐ.யின் படிவத்தைக் காணவேண்டும். காவலரால் நேர்ந்த கொலையைப் பதிய அப்படிவத்தில் அமைந்த தலைப்பு ‘நியாயப்படுத்தத்தக்க கொலை’ என்பது. அதற்கு அந்நிறுவனம் தந்த இலக்கணம், ‘கடமையில் இருக்கும் காவலர் ஒரு கொடுங்குற்றவாளியைக் கொல்லுதல்’ என்பது. இவ்விலக்கணத்தை ஒருமுறை அசைபோட்டுப் பார்த்தல் வேண்டும். கொல்லப்பட்டவர் கணக்கில் ஏறவேண்டுமாயின், முதலில் அவர் குற்றவாளி ஆகவேண்டும். வழக்கு நடந்திராது, தீர்ப்பு வந்திராது, ஆயினும் கட்டத்தை நிரப்பும் எழுதுகோலே நீதிபதியாகிவிடுகிறது. 2014 நவம்பரில் கிளீவ்லாந்து நகரப் பூங்காவில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த டாமிர் ரைஸ் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவனைக் காவலர் சுட்டுக் கொன்றனர். அச்சிறுவனை எந்தக் கட்டத்தில் எழுதுவது? குற்றவாளி என்று எழுதினால் பொய், எழுதாவிட்டால் இன்மை. கொலை நியாயமானதா என்ற கேள்வியை எழுப்புவதற்கே எண்ணிக்கை தேவை. அந்த எண்ணிக்கையின் தலைப்போ விடையை முன்கூட்டியே எழுதிவைத்திருந்தது.

மருத்துவ ஏட்டிலும் இதே நிலைதான். உலகெங்கும் வழங்கும் நோய் வகைப்பாட்டில் இத்தகைய இறப்புக்கு உரிய பெயர் ‘சட்டத் தலையீடு’. அச்செயல் சட்டப்படி சரியா, தவறா என்பதோடு அப்பெயருக்குத் தொடர்பில்லை. சரியாயினும் தவறாயினும் ‘சட்டத் தலையீடு’ என்றே பெயர். இறப்புச் சான்றிதழில் காவலர் என்ற சொல்லை எழுத மருத்துவர் மறந்தால், அல்லது எழுத விரும்பாவிட்டால், அவ்விறப்பு மற்றக் கொலைகளுள் ஒன்றாய்க் கலந்துபோகும். 2021ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வொன்று இக்கலப்பின் அளவைக் காட்டியது. 1980 முதல் 2018 வரை காவலரின் வன்முறையால் மாண்டோர் ஏறத்தாழ 30,800 பேர் என்று அவ்வாய்வு மதிப்பிட்டது. அவருள் ஏறத்தாழ 17,100 பேர் அரசின் இறப்புப் பதிவேட்டில் அவ்வாறு பதியப்படவில்லை. நூற்றுக்கு ஐம்பத்தைந்து பேர்! அவர்கள் மாண்டது உண்மை. சான்றிதழ் பெற்றதும் உண்மை. எதனால் மாண்டனர் என்னும் ஒரு சொல் மட்டும் ஏட்டில் இல்லை.

தமிழிலக்கணம் கற்றோர்க்கு இந்நிலை புதுமையாகத் தோன்றாது. நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தார். செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது குழூஉக்குறி. முன்னது கேட்போரின் துயர் தணிக்கப் பிறந்தது. பின்னது புறத்தாருக்குப் பொருள் விளங்காதிருக்கப் பிறந்தது. அரசு ஏடுகளின் ‘சட்டத் தலையீடு’ மங்கலத்தின் முகத்தோடு வந்து குழூஉக்குறியின் வேலையைச் செய்கிறது. துயருற்றாரின் துயரை அது தணிப்பதில்லை. செய்தாரின் செயலையே தணிக்கிறது. அமெரிக்கச் செய்தித்தாள்களில் நிலைபெற்ற மற்றொரு தொடர் ‘காவலர் சம்பந்தப்பட்ட துப்பாக்கிச்சூடு’ என்பது. சுட்டவர் யார், சுடப்பட்டவர் யார் என்று அத்தொடர் சொல்லாது. துப்பாக்கி சுட்டது, காவலரும் அருகில் இருந்தார் என்ற அளவில் அது நின்றுவிடும். ‘மோதல்’ என்னும் சொல் தமிழ்ச் செய்தித்தாள்களில் ஆற்றும் பணியை அறிந்தோர், இத்தொடரின் உறவுமுறையை எளிதில் உணர்வர்.

எழுவாய் மறைந்த வாக்கியத்தின் உச்சநிலை 2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் எழுதப்பட்டது. அன்றிரவு அந்நகரக் காவல்துறை விடுத்த செய்திக்குறிப்பின் தலைப்பு, காவலருடனான தொடர்பின்போது நேர்ந்த மருத்துவ நிகழ்வுக்குப் பின் ஒருவர் இறந்தார் என்று கூறியது. அவ்வொருவர் ஜார்ஜ் ஃபிளாய்ட். காவலர் ஒருவர் ஒன்பது நிமிடத்துக்கு மேல் அவர் கழுத்தின்மீது முழங்காலை ஊன்றியிருந்தார் என்பது அக்குறிப்பில் இல்லை. பதினேழு வயதுப் பெண்ணொருத்தி நடைபாதையில் நின்று தன் கைப்பேசியில் அக்காட்சியைப் படம்பிடித்தாள். அப்படம் வெளிவந்திராவிட்டால், அந்த ‘மருத்துவ நிகழ்வு’ ஏட்டில் உறங்கிப்போயிருக்கும். 2021 ஏப்ரலில் நடுவர் குழு அக்காவலரைக் கொலைக் குற்றவாளி எனத் தீர்மானித்தது. முதற்குறிப்புக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடைப்பட்ட தொலைவு, எழுவாய் இல்லாத வாக்கியத்துக்கும் எழுவாய் உள்ள வாக்கியத்துக்கும் இடைப்பட்ட தொலைவேயாகும்.

அரசு எண்ணாததைக் குடிமக்கள் எண்ணிய மரபு அந்நாட்டில் பழையது. அதன் முன்னோடி ஒரு பெண், ஓர் எழுத்தாளர். ஐடா பி. வெல்ஸ் 1862இல் மிசிசிப்பி மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். பின்னர் ஆசிரியப் பணி ஆற்றி, மெம்ஃபிஸ் நகரில் இதழாசிரியரானார். 1892இல் அவருடைய நண்பர் உள்ளிட்ட மூன்று கறுப்பின வணிகர்களை அந்நகரில் கும்பலொன்று சிறையிலிருந்து இழுத்துச்சென்று கொன்றது. கறுப்பினத்தார் மீதான கும்பற்கொலைகளை எதிர்த்து வெல்ஸ் எழுதினார். அவர் ஊரில் இல்லாத வேளையில் அவருடைய இதழ் அலுவலகம் அழிக்கப்பட்டது. அவர் அழுகுரலோடு நின்றுவிடவில்லை. 1895இல் வெளியிட்ட ‘செம்பதிவேடு’ என்னும் நூலில் கும்பற்கொலைகளை ஆண்டுவாரியாக வரிசைப்படுத்தினார். மாண்டவர் பெயர், நாள், இடம், சாட்டப்பட்ட குற்றம் ஆகியவற்றை நிரல்படத் தந்தார். அவ்வெண்ணிக்கையை வெள்ளையர் நடத்திய ‘சிகாகோ டிரிபியூன்’ நாளிதழிலிருந்தே எடுத்தார். மிகைப்படுத்துகிறார் என்று எவரும் வாய்திறக்க இயலாதபடி, எதிர்த்தரப்பின் ஏட்டையே சாட்சியாக நிறுத்தினார். பெண்களின் மானம் காக்கவே இக்கொலைகள் நிகழ்கின்றன என்று தென்மாநிலத்தார் சொல்லிவந்தனர். கொல்லப்பட்டோருள் பெரும்பாலோர் மீது அக்குற்றச்சாட்டே இல்லை என்பதை அப்பட்டியல் வெளிப்படுத்தியது. ஆயிரம் கண்டனக் கவிதைகள் செய்ய முடியாததை ஒரு பட்டியல் செய்தது எனலாம். 1919இல் கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கம் முப்பது ஆண்டுக்காலக் கும்பற்கொலைகளைத் தொகுத்து வெளியிட்டது. அதில் 3,224 பேரின் கணக்கு உண்டு. 2020இல்தான் வெல்சுக்குப் புலிட்சர் சிறப்புப் பாராட்டு வந்தது. அவர் மறைந்து எண்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

கும்பற்கொலை வேறு, காவலரின் துப்பாக்கிச்சூடு வேறு. பின்னதில் சட்டப்படி சரியானவையும் உண்டு. ஆயினும் எண்ணும் முறையில் வெல்ஸ் வகுத்த வழியே பின்வந்தோரின் வழியாயிற்று. நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் வார இதழ் ஒன்றின் ஆசிரியராக இருந்த பிரையன் பர்கார்ட், 2012இல் காவலர் ஒருவரைச் சுட்டுக்கொன்ற செய்தியைப் படித்தபோது, இவ்வட்டாரத்தில் இதற்கு முன் எத்தனை பேர் இவ்வாறு மாண்டனர் என்ற விவரத்தைத் தேடினார். எங்கும் கிடைக்கவில்லை. ‘ஃபேட்டல் என்கவுன்டர்ஸ்’ என்னும் தொகுப்பை அவரே தொடங்கினார். செய்தித்தாள்களைத் துருவியும், ஆவணங்கள் கேட்டு விண்ணப்பித்தும், தன்னார்வலர் துணைகொண்டும் 2000ஆம் ஆண்டுவரை பின்னோக்கிச் சென்றார். 2021ஆம் ஆண்டு முடிவுவரை நீண்ட அத்தொகுப்பில் 30,000க்கும் மேற்பட்ட இறப்புகள் பதியப்பட்டன. ஃபெர்குசனுக்குப் பின் இரு பெரிய நாளிதழ்கள் களத்தில் இறங்கின. இலண்டனின் ‘கார்டியன்’ 2015, 2016 ஆகிய இரு ஆண்டுகளுக்கு எண்ணியது. ‘வாஷிங்டன் போஸ்ட்’ 2015 சனவரி முதல் காவலரின் துப்பாக்கியால் மாண்ட ஒவ்வொருவரையும் பதிந்தது. முதலாண்டின் எண்ணிக்கை ஏறத்தாழ 1,000. எஃப்.பி.ஐ. ஆண்டுதோறும் காட்டிவந்த எண்ணைப் போல அது இரு மடங்குக்கும் மேல். அத்தொகுப்புக்கு 2016இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அரசைவிட இரு நாளிதழ்களிடம் சிறந்த தகவல் இருப்பது வெட்கக்கேடு என்னும் கருத்தை எஃப்.பி.ஐ. இயக்குநரே 2015 அக்டோபரில் வெளியிட்டார்.

இத்தொகுப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அதற்குக் காரணமும் சொல்தான். ‘வாஷிங்டன் போஸ்ட்’ சுட்டுக் கொல்லப்பட்டோரை மட்டும் எண்ணியது. ஆகவே 2014இல் நியூயார்க்கில் கழுத்து நெரிக்கப்பட்டு மாண்ட எரிக் கார்னரைப் போன்றோர்க்கு அந்த இலக்கணத்தில் இடமில்லை. உலகமே அறிந்த ஜார்ஜ் ஃபிளாய்டின் பெயரும் அப்பட்டியலில் இல்லை. ‘கார்டியன்’ மின்னதிர்வுக் கருவி, வாகன மோதல், காவலில் இறப்பு ஆகியவற்றையும் சேர்த்தது. பர்கார்ட் இன்னும் அகன்ற வலை வீசினார். காவலர் துரத்தியபோது நேர்ந்த விபத்தையும், காவலர் முன்னிலையில் நிகழ்ந்த தற்கொலையையும் பதிந்தார். எவர் எண்ணியதும் பொய்யன்று. எதை எண்ணுகிறோம் என்பதை மூவரும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு எண்ணினர். தம் வரையறையை மறைக்காத எண்ணே நம்பத்தக்க எண்.

எண்ணிக்கை எதை வெளிப்படுத்தியது? கறுப்பினத்தோர் அந்நாட்டு மக்கள்தொகையில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர். அவர்கள் காவலரால் சுட்டுக் கொல்லப்படும் வீதமோ வெள்ளையரின் வீதத்தினும் இரு மடங்குக்கு மேல். மாண்டோருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் மனநோயின் அறிகுறி இருந்தது. துப்பாக்கி ஏந்திய காவலருக்கு மாறாக மனநல உதவியாளரை அனுப்பும் திட்டங்களைக் கோருவோர்க்கு இவ்வெண் சான்றாயிற்று. எண்ணிக்கை ஒரு பக்கம் சாய்வதுமில்லை. மாண்டோருள் பெரும்பாலோர் ஏதேனும் ஓர் ஆயுதம் வைத்திருந்தனர் என்பதையும், தொகையளவில் வெள்ளையரே மிகுதி என்பதையும் அதே தொகுப்பு சொல்கிறது. தம் கட்சிக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ள விழைவோர்க்கு முழுப்பட்டியல் சங்கடமான துணைவன். அதுவே அதன் நேர்மைக்கு அடையாளம்.

எண்ணியதனால் இறப்பு குறைந்ததா எனக் கேட்போர்க்கு, இல்லை என்பதே விடை. ஆண்டுக்கு ஆயிரத்தை ஒட்டியே அவ்வெண் நின்றது; பின்னர்ச் சற்று உயரவும் செய்தது. விளக்கேற்றியவுடன் அறையிலுள்ள நோயாளி எழுந்து நடப்பதில்லை; ஆயினும் இருட்டில் மருத்துவம் செய்தோர் எவருமில்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் காவலரின் தொடர்பில் நேரும் இறப்புகளைத் தனித்ததோர் அமைப்புக்கு அறிவித்தாக வேண்டும் என்பது சட்டம். 2004-05 முதல் ஆண்டுதோறும் அவ்வெண்ணிக்கை வெளியாகிவருகிறது. எண்ணுவது இயலாத செயல் அன்று என்பதற்கு அது சான்று.

அமெரிக்கக் கணக்கேடுகளின் நிலை அத்தகையது அன்று. 2019 சனவரியில் எஃப்.பி.ஐ. புதிய தேசியத் தொகுப்பொன்றைத் தொடங்கியது. அதிலும் பங்கேற்பு விருப்பத்தைப் பொறுத்தே அமைந்தது. கூட்டரசுக் காவலரின் ஒழுங்கீனங்களைப் பதிய 2023 திசம்பரில் தொடங்கப்பெற்ற தரவுத்தளம் 2025 தொடக்கத்தில் மூடப்பட்டது. ‘கார்டியன்’ 2016உடன் நிறுத்தியது. பர்கார்டின் தொகுப்பு 2021உடன் முடிந்தது. ‘வாஷிங்டன் போஸ்ட்’ பத்தாண்டுகள் எண்ணி, 10,000க்கும் மேற்பட்டோரைப் பதிந்து, 2024 இறுதியோடு எழுதுகோலைக் கீழே வைத்தது. தனிமனிதரின் உழைப்பும் நாளிதழின் பொருள்வளமும் எல்லையுடையவை. இறப்புக்கு அத்தகைய எல்லையில்லை. எண்ணுதல் என்றும் தானாக நிகழும் செயல் அன்று. ஒருவர் உட்கார்ந்து எழுதினால் மட்டுமே நிகழ்வது.

இறந்தாரை எழுதிவைத்தல் தமிழ்ப் புலவர்க்குப் பழக்கமான பணி. கையறுநிலை பாடியோர் மாண்டவனை இன்னான் என்று சுட்டியே பாடினர். திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டார நடுகற்களைக் கண்டோர், அவற்றிலுள்ள வாசகத்தின் சுருக்கத்தை அறிவர். எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்தப் பூசல், வீழ்ந்தவன் பெயர் என்ன, அவ்வளவே. எடுத்தனூரில் கிடைத்த மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில், வீரனோடு நின்று கள்ளரைக் கடித்த கோவிவன் என்னும் நாயின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. ஆண்டு, இடம், பெயர், நேர்ந்த விதம் என்று இக்காலத் தரவுத்தளம் கேட்கும் கட்டங்கள் அனைத்தும் அக்கல்லில் நிரம்பியுள்ளன. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நடுகல் வீரனுக்கு எழுப்பப்பட்டது. இத்தொகுப்புகள் குற்றவாளிக்கும், நோயாளிக்கும், பொம்மைத் துப்பாக்கியோடு நின்ற சிறுவனுக்கும் ஒரேயளவு வரியை ஒதுக்கின. அவை எவரையும் போற்றவில்லை, எவரையும் தூற்றவுமில்லை, இன்னார் இருந்தார், இன்ன நாளில், இன்னாரால் இறந்தார் என்று மட்டும் சொல்கின்றன.

கவிஞர்க்கு இதனின்றும் கிடைக்கும் பாடம் எளியது. இரங்கற்பா பாடுமுன் பெயரைக் கேட்டறிதல் வேண்டும். ‘சிலர் மாண்டனர்’ என்று எழுதுமுன் அச்சிலர் எத்தனை பேர் என்று விசாரித்தல் வேண்டும். ஏட்டிலும் செய்தியிலும் எழுவாய் மறைந்த வாக்கியம் கண்ணிற்படும்போது, அதை அப்படியே தம் கவிதைக்குள் ஏற்றுக்கொள்ளாமல், செய்தது யார் என்று வினவுதல் வேண்டும். இவ்வினாவுக்குப் புலமையோ யாப்பறிவோ வேண்டியதில்லை. பள்ளிச் சிறாருக்கு எழுவாய் கண்டுபிடிக்கக் கற்றுத்தரும் ஆசிரியர் நாள்தோறும் கேட்கும் வினாவே அது. அரசின் படிவம் அவ்வினாவைக் கேட்க மறந்த இடத்தில், மொழியைக் காப்போர் அதைக் கேட்டாக வேண்டும்.